ஐந்தாவது ஆர்டர்

பி.காம். படித்த எனக்குக் கம்ப்யூட்டரின் மெமரி விஷயம் புரிந்தது ஆம்பூர் டேனரி ஒன்றில், தோல் தரம் பிரிக்கிற மேஜையைப் பார்த்துத்தான்.

மேஜைதான் மெமரி, கோடவுன்தான் டிஸ்க். கோடவுனில் எத்தனை ஆயிரம் தோல் கிடந்தாலும், மேஜைக்கு வந்தால்தான் வேலை நடக்கும். 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 என்ற மெயின்ஃப்ரேம் வந்தது. அந்த மாடலின் அதிகபட்ச மெமரியே 2 மெகாபைட்தான்! இன்று செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோவுக்கே பத்தாது.

இந்த இட நெருக்கடிக்கு மான்செஸ்டர்காரர்கள் 1962-லேயே அட்லஸ் மெஷினில் ஒரு வழி செய்திருந்தார்கள். புரோகிராமைப் பக்கம் பக்கமாக நறுக்கி, வேண்டிய பக்கத்தை மட்டும் மெமரியில் வைப்பது. மிச்சத்தை டிரம்மில் போடுவது. (தோல் ஊறுகிற டிரம் இல்லை ஸார், காந்த டிரம்!)

அப்புறம் ஆசை யாரை விட்டது? ஒரே மேஜையில் நாலு ஆர்டர். இதை எடு, அதைப் போடு என்று பையன் கோடவுனுக்கும் மேஜைக்குமாக ஓடுகிறான். தரம் பிரிக்கிறவரோ கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சூப்பர்வைசர் பார்க்கிறார். "சும்மாதானே நிக்கறீங்க பாய், இந்தாங்க அஞ்சாவது ஆர்டர்!" தீர்ந்தது கதை.

மெயின்ஃப்ரேமிலும் அச்சு அசல் இதேதான். பிராசஸர் சும்மா இருக்கிறதே என்று ஆபரேட்டிங் சிஸ்டம் புது வேலையை உள்ளே விடும். பக்கங்களின் ஓட்டம் இன்னும் கூடும், வேலை இன்னும் குறையும். பெயர் 'த்ராஷிங்'. 1968-ல் பீட்டர் டென்னிங் மருந்து சொன்னார்: ஒரு வேலைக்கு இந்த நேரத்தில் எத்தனை பக்கம் வேண்டுமோ, அத்தனைக்கும் இடமிருந்தால் மட்டும் உள்ளே விடு. இல்லையா, முழுசாக வெளியே நிற்கட்டும். எல்லோருக்கும் கால் கால் இடம் கொடுத்தால் யாருக்கும் வேலை நடக்காது.

மார்ச் மாதக் குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். ஷிப்மென்ட் பேப்பர், ஜி.எஸ்.டி., சம்பளப் பட்டியல், ஆடிட்டர் கேட்ட வவுச்சர். நாலு பேர் நாலு பக்கம் இழுக்க, ராத்திரி எட்டு மணிக்கு ஒன்றும் முடிந்திருக்காது. இன்க்ரிமென்ட் சமயத்தில் 'ஆள் ஸ்லோ' என்று எழுதிவிடுவார்கள். அவன் ஸ்லோ இல்லை ஸார், மேஜை சின்னது.

ஆகவே, ஐந்தாவது ஃபைல் வரும்போது "முடியாது" என்று சொல்லாதீர்கள், வேலைக்கு ஆபத்து. பவ்யமாகக் கேளுங்கள்: "செஞ்சுடறேன் ஸார். இந்த நாலில் எதை கோடவுனுக்கு அனுப்பறதுன்னு மட்டும் நீங்களே சொல்லிடுங்க!"