சாட்டையும் சிரிப்பும்: காயம் நமது, கேடயம் யாருக்கு?

அரசியல் நையாண்டி குறித்த விவாதம் எழும்போதெல்லாம், 2012 மே மாதம் நாடாளுமன்றத்தை உலுக்கிய கேலிச்சித்திரத்தைக் காட்டி, நமக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்கின்றனர். அக்குற்றச்சாட்டை நாம் மீண்டும் விசாரிக்க வேண்டியுள்ளது.

1949இல் சங்கர் வரைந்த அப்படத்தில், அரசமைப்புச் சட்டம் என்னும் நத்தையின் மீது அண்ணல் அம்பேத்கர் அமர்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்குகிறார். கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. என்.சி.இ.ஆர்.டி.யின் 11ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில் அது இடம்பெற்றிருந்தது. தொல். திருமாவளவன் மக்களவையில் எதிர்ப்புத் தெரிவித்தார். அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டுப் படத்தை விலக்கிக்கொண்டார்.

சாட்டை நத்தைக்கே, அம்பேத்கருக்கு அன்று என்றனர். அவர் கையிலும் சாட்டை உண்டு என்றனர். வரைந்தவரின் நோக்கம் அதுவாகவே இருக்கலாம். ஆனால், சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த கீழத்தஞ்சைப் பண்ணைகளின் நினைவைச் சுமக்கும் வீட்டிலிருந்து வரும் மாணவியின் கண்ணில் நத்தை படுவதில்லை; ஓங்கிய சாட்டையே படுகிறது. வகுப்பறையில் சிரிப்பவர் யார், தலைகுனிபவர் யார் என்பதே நம் கேள்வி.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்ட மாணவர்களை எள்ளிய ஆர்.கே. லட்சுமணின் படம் பாடநூலில் இருந்ததை அதே ஆண்டில் தமிழகத் தலைவர்கள் கண்டித்தனர். துப்பாக்கிச் சூட்டுக்கும் தீக்கும் உயிர்களைக் கொடுத்த மண்ணுக்கு அது வெறும் வேடிக்கை அன்று.

உலக நாடுகளின் சட்டங்கள் ஒன்றுபோல் இல்லை. நாஜி இனப்படுகொலையை மறுப்பதும் சிறுமைப்படுத்துவதும் ஜெர்மனியில் குற்றம். அச்சட்டம் பலியானோரைக் காக்கிறது. ஸ்பெயினிலோ, 1973இல் கொல்லப்பட்ட பிராங்கோவின் பிரதமர் கரேரோ பிளாங்கோவைக் கேலி செய்த ட்விட்டர் பதிவுகளுக்காக மாணவி ஒருவருக்கு 2017இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒடுக்கப்பட்டோரின் காயமும் சர்வாதிகார அரசின் கௌரவமும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை அல்ல.

2012இல் நடந்ததோ அத்தகைய குழப்பமே. தோரட் குழு, அரசியல்வாதிகளையும் அதிகாரிகளையும் விமர்சித்த பல படங்களையும் சேர்த்தே நீக்கப் பரிந்துரைத்தது. குழுவிலிருந்த எம்.எஸ்.எஸ். பாண்டியன் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். நம் காயம் ஆள்வோரின் கேடயமாயிற்று. பாடநூல் ஆலோசகர் சுகாஸ் பல்ஷிகரின் புனே அலுவலகத்தைச் சிலர் சூறையாடியதும் நம் நியாயத்தைப் பலவீனப்படுத்தியது.

நாம் உயர்வாக மதிக்கும் மறைந்த தலைவரை இழிவுபடுத்துவது, 2015 திருத்தத்திற்குப்பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வெறுப்புக்கு எதிராக அதை நாம் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். ஆனால் பாடநூலைச் செப்பனிடக் காவல் நிலையம் போதாது. படத்தை அகற்றுவது அரசுக்கு எளிது; பண்ணைச் சாட்டையின் வரலாற்றை அதே பக்கத்தில் எழுதுவது கடினம். அந்தக் கடினமானதையே நாம் கோர வேண்டும்.