பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

அடிபட்ட கார் ஒர்க் ஷாப்பிலிருந்து வீடு திரும்பியதும் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்போம். பெயின்ட் கலர் ஒத்துப்போகிறதா, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்துவிட்டு, ‘பழையபடி ஆயிடுச்சு’ என்று நிம்மதியாகிவிடுவோம். ஆனால், இன்னொரு விபத்து நடந்தால் நம்மைக் காப்பாற்றப்போவது பெயின்ட் இல்லை. அதற்கும் பட்டிக்கும் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வெல்டிங்தான்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஆலங்கட்டி மழையில் சேதமான ஒரு ஹோண்டா ஃபிட் காருக்கு ஒர்க் ஷாப் ஒன்றில் புதுக் கூரை மாற்றினார்கள். வெல்டிங் செய்யச் சொல்லியிருந்தது கம்பெனி. அவர்களோ பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்தக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கிய தம்பதி, 2013 டிசம்பரில் விபத்தில் சிக்கினார்கள். கூரை பிரிந்தது. காரும் தீப்பிடித்தது. இருவருக்கும் படுகாயம். 2017-ல் வழக்கை விசாரித்த ஜூரி, அந்த ஒர்க் ஷாப்பின் பங்காக மட்டும் 3 கோடியே 15 லட்சம் டாலர் நஷ்டஈடு விதித்தது.

கூரையில் வைக்கும் வெல்டுக்கு அவ்வளவு முக்கியத்துவமா? ஆம். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து உருவாக்கிய கூடுதான் காரின் எலும்புக்கூடு. பொட்டு வைத்ததுபோல ஆயிரக்கணக்கான ஸ்பாட் வெல்டுகள் அதில் இருக்கும். மோதும்போது முன்பகுதி மடங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். நாம் உட்காரும் இடம் நசுங்காமல் நிற்க வேண்டும். இந்த ஏற்பாடு வேலை செய்ய, ஒவ்வொரு இணைப்பும் பிடித்து நிற்க வேண்டும்.

தகடுகளும் இப்போது ஒரே ரகம் இல்லை. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் நிற்கும் ‘பி பில்லர்’ பல கார்களில் போரான் கலந்த எஃகு. சாதாரணத் தகட்டைவிட நாலைந்து மடங்கு உறுதியானது. சுமார் 900 டிகிரி சூட்டில் அச்சில் அழுத்தி, அங்கேயே சட்டென்று குளிரவைப்பதால் வரும் உறுதி அது. ஒர்க் ஷாப்பில் கேஸ் வெல்டிங் டார்ச்சால் சூடேற்றி அதை நிமிர்த்தினால், அந்த உறுதி போய்விடும். வெளியே நேராகத் தெரியும். உள்ளே சாதுவான இரும்பு!

சரி, நல்ல வெல்டிங்குக்கு என்ன வேண்டும்? முதலில் சுத்தம். இணையும் இடத்தில் பெயின்ட், துரு, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இருக்கக் கூடாது. அடுத்தது, சரியான மெஷின். கம்பெனியில் வைத்ததுபோல ஸ்பாட் வெல்டிங் வைக்க முடிந்தால் நல்லது. முடியாத இடத்தில், கம்பெனி அனுமதித்திருந்தால், மேல் தகட்டில் ஓட்டை போட்டு, ‘சிஓ2 வெல்டிங்’ எனப்படும் மிக் மெஷினால் அதை நிரப்புவார்கள். வெளித்தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம்தான். ஒரே இழுப்பில் நீளமாக வெல்டு ஓட்டினால் நெளிந்துவிடும். கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று இடம் மாற்றி, ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு சின்னப் பரீட்சை. காரிலிருந்து வெட்டியெடுத்த பழைய தகட்டிலேயே இரண்டு துண்டு எடுத்து, வெல்டு வைத்து, வைஸில் பிடித்து உளியால் பிளந்து பார்ப்பார் நல்ல டிங்கர். வெல்டு சரியாக இருந்தால் அது விடாது. ஒரு தகடு கிழிந்து ஓட்டை விழும். கிழிந்த வட்டம் இன்னொரு தகட்டில் குமிழ்போல ஒட்டியிருக்கும். இரண்டும் சுத்தமாகப் பிரிந்து வந்தால், மேலே மட்டும்தான் பிடித்திருக்கிறது, உள்ளே உருகவில்லை என்று அர்த்தம். மெஷின் செட்டிங்கை மாற்றி மறுபடி பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. காரில் வைத்த வெல்டைப் பிளந்து பார்க்க முடியாது என்பதால், இதைத் தவிர வேறு சுலபமான வழியும் இல்லை.

நமக்கு டிங்கரிங் தெரிய வேண்டியதில்லை. எஸ்டிமேட் போடும்போதே இந்த நான்கு கேள்விகளைக் கேட்டால் போதும்.

1. எந்தப் பாகத்தை மாற்றுகிறீர்கள், எதை நிமிர்த்துகிறீர்கள்? கம்பெனி ரிப்பேர் மேனுவல் அதற்கு என்ன சொல்கிறது?

2. துண்டுத் தகட்டில் வெல்டு வைத்துப் பிளந்து பார்ப்பீர்களா? அந்தத் துண்டை எனக்குக் காட்டுவீர்களா?

3. வெல்டிங் முடிந்து, பட்டி பூசும் முன்னால் ஒருமுறை வந்து பார்க்கலாமா? முடியாவிட்டால் போட்டோ அனுப்புவீர்களா?

4. வெல்டு வைத்த இடத்தின் உள்பக்கம் துரு பிடிக்காமல் இருக்க என்ன பூசுவீர்கள்? சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோன இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும்.

தொழிலில் அக்கறை உள்ளவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சந்தோஷமாகக் கூட்டிப்போய்க் காட்டுவார். போகும்போது குழந்தைகளை அழைத்துச் செல்லாதீர்கள். வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால், சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மண் விழுந்ததுபோல உறுத்தும்.

அந்த போட்டோக்களை பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு நீங்கள் காரை விற்றால், அதில் பயணம் செய்யப்போவது இன்னொரு குடும்பம். அவர்களுக்கும் அது தெரிந்திருக்கட்டும்.