பெட்டியை எடைபோடும் முன்...

ஆடி முடிந்து ஆவணி பிறக்கும் நாள்களில் சிவகாசி வட்டாரத்தில் இருவகைப் பெட்டிகள் கட்டப்படுகின்றன. ஒன்று, தீபாவளி விற்பனைக்காக வட மாநிலங்களுக்கு லாரியில் ஏறும் பட்டாசுப் பெட்டி. மற்றொன்று, செப்டம்பரில் தொடங்கும் கல்வியாண்டுக்காக வெளிநாடு புறப்படும் மகனுக்காகவோ மகளுக்காகவோ வீட்டுக் கூடத்தில் திறந்து வைக்கப்பட்டிருக்கும் பயணப் பெட்டி. முதல் பெட்டியில் எதை எதனோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பது இவ்வூருக்கு மூன்று தலைமுறைப் பாடம். இரண்டாவது பெட்டியைக் கட்டும்போதுதான் வீடே திகைத்து நிற்கிறது.

வெளியூர் சென்று கற்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்றார்கள். அவர்கள் திரும்பிவந்து தொடங்கிய தொழிலே பின்னர் பட்டாசு, அச்சு என விரிந்து ஒரு வறண்ட நிலப்பகுதியின் முகத்தை மாற்றியது. பிளஸ் 2 தேர்வில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தைத் தக்கவைத்த பெருமை விருதுநகர் மாவட்டத்துக்கு உண்டு. அதே மாவட்டத்தைத்தான் 2018-இல் மத்திய அரசு, வளர்ச்சியில் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழகத்திலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும் மட்டுமே. மதிப்பெண்ணில் முன்னணி, வாய்ப்பில் பின்னடைவு என்ற இந்த முரண்தான் இங்குள்ள பிள்ளைகளை வெளியே அனுப்புகிறது. பசுமைப் பட்டாசு மட்டுமே அனுமதி, பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை என 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, 'பிள்ளைகளாவது வேறு தொழிலுக்குப் போகட்டும்' என்ற எண்ணம் பல வீடுகளில் வலுத்திருப்பதில் வியப்பில்லை.

நகையை அடகுவைத்தும் வங்கிக் கடன் பெற்றும் அனுப்பும் அந்தப் பயணத்தில், பெட்டி கட்டுவது சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால், குடும்பத்தில் முதன்முதலாக விமானம் ஏறும் ஒருவரை ஒரு நாட்டின் எல்லையில் நிறுத்தி வைப்பதற்குப் பெட்டியில் உள்ள ஒரு பொட்டலம் போதும்.

முதலில், இவ்வூருக்கே உரிய சிக்கல். மத்தாப்பு, கம்பி மத்தாப்பு, கேப் வெடி உள்பட எந்தப் பட்டாசுக்கும் விமானத்தில் இடமில்லை. விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது. நம் நாட்டு விமான நிலையங்களில் தீப்பெட்டிக்கும் அதே தடைதான். வெளிநாட்டில் தீபாவளி கொண்டாட நண்பர்களுக்கென்று ஒரு சிறு பொட்டலத்தை உள்ளே வைப்பது விளையாட்டாகாது, குற்ற வழக்காகும்.

பலரும் அறியாதது இன்னொன்று உண்டு. விமான நிலையங்களில் பெட்டியின் கைப்பிடியையும் ஜிப்பையும் துணித் துண்டால் துடைத்து ஒரு கருவியில் வைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிபொருள் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. பட்டாசின் வெடியுப்பு, தீக்குச்சி மருந்தின் பொட்டாசியம் குளோரேட் போன்றவற்றைக் கண்டறியும் கருவிகளும் இவற்றில் உள்ளன. மாணவர்கள் புறப்படும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள்தாம் இங்கே உற்பத்தியும் சிப்பமிடலும் உச்சத்தில் இருக்கும் காலம். கிடங்கிலோ கடையின் பின்கட்டிலோ கிடந்த பழைய பெட்டி, வேலைக்குச் சென்றுவந்த உடைகளோடு ஒரே அலமாரியில் இருந்த கம்பளிச் சட்டை ஆகியவை தேவையற்ற விசாரணைக்கு வழிவகுக்கக்கூடும். தொழிலோடு தொடர்பில்லாத அறையில் பெட்டியைக் கட்டுவது, உடைகளைப் புதிதாகத் துவைத்து வைப்பது, பெட்டியைத் தொடும் முன் கைகளைச் சோப்பால் கழுவுவது ஆகிய மூன்றும் செலவில்லாத முன்னெச்சரிக்கைகள். அப்படியும் கேள்வி எழுந்தால், 'எங்கள் ஊர் பட்டாசு ஊர், குடும்பத் தொழில் அது' என்று உண்மையைப் பதற்றமின்றிச் சொல்லும் அளவுக்கு மாணவருக்கு ஆங்கிலப் பழக்கம் வேண்டும்.

அடுத்தது உணவு. பெட்டியில் பாதியை அம்மாவின் அன்பு நிரப்புவது இயல்பு. ஆனால், எல்லையில் இருக்கும் அதிகாரி அதை வேளாண்மைக்கும் கால்நடைக்கும் வரும் நோயின் வழியாகவே பார்க்கிறார். இந்தியாவிலிருந்து பயணிகள் பால்பொருள்களையும் இறைச்சியையும் கொண்டுவருவதை பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் அனுமதிப்பதில்லை. பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும், புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வீட்டு நெய்யும் இதனால் லண்டன், பெர்லின், டப்ளின் விமான நிலையங்களில் பறிபோகக்கூடும். அமெரிக்காவில் பச்சைக் கறிவேப்பிலைக்குத் தடை. எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் நோய் அதனோடு பரவும் என்பது காரணம். காப்ரா வண்டு என்ற தானியப் பூச்சி காரணமாக, இந்தியாவிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுசெல்வதையும் அந்நாடு தடுக்கிறது. குருமாவுக்கு நாம் அரைக்கும் கசகசா, வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. தானாகச் சூடேறித் தீப்பற்றும் இயல்புள்ளதால், ஒப்படைக்கும் பெட்டியில் கொப்பரைத் தேங்காய் வைப்பதற்கு நம் நாட்டிலேயே தடை உண்டு.

ஆஸ்திரேலியா செல்வோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கொண்டுவரும் உணவுப் பொருள் அனைத்தையும் வருகைப் படிவத்தில் தெரிவித்துவிட்டால், அதிகபட்சம் பொருள்தான் போகும். மறைத்தால் அபராதம் விழும். விசாவையே ரத்து செய்யவும் அந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. எந்த நாடானாலும் பாதுகாப்பான விதி ஒன்றுதான்: ஐயமிருந்தால் அறிவித்துவிட வேண்டும். சாத்தூர் காராச்சேவையும் பருப்புப் பொடியையும் கடையின் அச்சிட்ட உறையில், உள்ளடக்கம் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நிலையில் கொண்டுசென்றால் விளக்கம் சொல்வது எளிது. வீட்டில் அரைத்து வெள்ளைத் தாளில் மடித்த பொடிக்கு விளக்கம் சொல்வது கடினம்.

எடைக் கணக்கிலும் தென் மாவட்டத்தினருக்கு ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கா, கனடா செல்வோருக்குப் பல நிறுவனங்கள் 23 கிலோ எடையில் இரு பெட்டிகளை அனுமதிக்கின்றன. ஆனால், மதுரையிலிருந்து சென்னை வரை தனிச் சீட்டில் பறந்தால், உள்நாட்டுப் பயணத்துக்கு வழக்கமாக 15 கிலோ மட்டுமே இலவசம். மீதி 31 கிலோவுக்கும் கட்டணம் கட்ட நேரும். மேலும், சென்னையில் பெட்டிகளை எடுத்து மறுபடி ஒப்படைக்கவும் வேண்டும். இரு பயணங்களையும் ஒரே சீட்டில் பதிவு செய்வது, அல்லது பொதிகை, சிலம்பு விரைவு ரயில்களில் சென்னை சேர்வது எனப் புறப்படும் முன்பே தீர்மானிக்க வேண்டியது இது.

பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே இருக்கலாம். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை. அதாவது 20,000 எம்ஏஎச் அளவுள்ளவை இந்த வரம்புக்குள் அடங்கும். நம் வீட்டு மிக்ஸி 230 வோல்ட்டுக்கானது. அமெரிக்காவின் 120 வோல்ட்டில் அது ஒழுங்காக ஓடாது. குளிர்கால மேலங்கியையும் கனமான போர்வையையும் இங்கேயே வாங்கிச் சுமப்பதைவிட, அங்கு சென்று அவ்வூர்க் குளிருக்கு ஏற்றதை வாங்குவதே மேல். அந்த இடத்தில் மூன்று மாதத்துக்கான மருந்தும் மாற்றுக் கண்ணாடியும் வைக்கலாம். மருந்துகள் அட்டையோடும், மூலப்பெயர் எழுதப்பட்ட மருத்துவர் சீட்டோடும் இருக்க வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வகை வலி மாத்திரை போன்றவை பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை.

புறப்படும் நாளில் தெரிந்தவர்கள் கொண்டுவந்து தரும் 'சின்னப் பார்சல்' வேறொரு ஆபத்து. அதில் என்ன இருக்கிறது என்பதற்குச் சட்டத்தின் முன் பொறுப்பு, பெட்டிக்கு உரியவரே. உறவுமுறைக்காக மறுக்கத் தயங்கினால், விலை கொடுக்க வேண்டியவர் அந்த மாணவர். பெற்றோரே முன்வந்து 'எடை நிறைந்துவிட்டது' என்று சொல்லிவிடுவது பிள்ளைக்குச் செய்யும் உதவி.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, தோளில் தொங்கும் சிறு பை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டபோது, 'ஆபரேஷன் கங்கா' நடவடிக்கையில் 90 விமானங்களில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் மீட்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். கடுங்குளிரில் போலந்து, ருமேனியா எல்லைகளை நோக்கி நடந்தவர்களால் சுமக்க முடிந்தது முதுகுப் பை ஒன்றைத்தான். அவசர நேரத்தில் கையில் மிஞ்சப்போவது அந்தப் பைதான் என்று எண்ணி அதைக் கட்ட வேண்டும்.

கடவுச்சீட்டு, விசா, கல்வி நிறுவனத்தின் அனுமதிக் கடிதம், மதிப்பெண் சான்றிதழ்கள், கடன் ஒப்புதல் கடிதம், காப்பீட்டுத் தாள், தடுப்பூசிச் சான்று ஆகியவை அதில் இருக்க வேண்டும். அவற்றின் நகல் ஒரு தொகுப்பு வீட்டிலும், மின்னணு வடிவில் ஒரு தொகுப்பு டிஜிலாக்கரிலோ மின்னஞ்சலிலோ இருக்க வேண்டும். வெளிநாட்டு நாணயத்தாளாகப் பொதுவாக 3,000 டாலர் வரை கொண்டுசெல்ல அனுமதியுண்டு. எஞ்சிய பணம் அந்நியச் செலாவணி அட்டையில் இருப்பது பாதுகாப்பு. தமிழர்களுக்கே உரிய பெயர்ச் சிக்கலையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். சான்றிதழில் ஒற்றை எழுத்தாக இருக்கும் முன்னெழுத்து, கடவுச்சீட்டில் தந்தை பெயராக விரிந்திருக்கும். விமானச் சீட்டு கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். சான்றிதழோடு வேறுபாடு இருந்தால், இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரத்தை ஊரிலிருந்தே எடுத்துச் செல்வது நல்லது.

இத்தனையையும் யார் சொல்லித்தருகிறார்கள் என்பதே நம் முன்னுள்ள கேள்வி. கடைநிலை வேலைகளுக்காக வளைகுடா செல்லும் தொழிலாளர்களுக்குப் புறப்படும் முன் ஒரு நாள் பயிற்சியை மத்திய வெளியுறவு அமைச்சகம் நடத்துகிறது. மாணவர்களுக்கோ அத்தகைய பரவலான ஏற்பாடு இல்லை. அவர்கள் நம்புவது கல்வி முகவரையும் வாட்ஸ்ஆப்பில் சுற்றும் பட்டியலையும்தான். முகவரின் அக்கறை பெரும்பாலும் விசா கிடைத்ததோடு முடிந்துவிடுகிறது. வாட்ஸ்ஆப் பட்டியலோ கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் ஒன்றாகவே பாவிக்கிறது.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் மாவட்ட நிர்வாகம் ஒரு நாள் முகாம் நடத்தலாம். பெற்றோரும் அதில் அமர வேண்டும், ஏனெனில் பெட்டியைக் கட்டுவது அவர்கள்தாம். கல்விக் கடன் வழங்கும் வங்கிகள், கடன் ஆணையோடு நாடுவாரியாக ஒரு பக்கத் தமிழ்க் கையேட்டை இணைத்துத் தரலாம். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் மாணவர் பதிவு செய்துகொள்வதை முகாமிலேயே முடித்துவிடலாம். 'நான் முதல்வன்' போன்ற திட்டங்கள் வழியாகப் பிள்ளைகளை உயர்கல்விக்கு ஊக்குவிக்கும் அரசு, அவர்களின் பயணத்தின் முதல் நாளையும் கவனத்தில் கொள்வது முறையே.

பட்டாசுப் பெட்டியின் மேல் என்ன எச்சரிக்கை எழுத வேண்டும் என்பதை இவ்வூர் விபத்துகளின் வழியாகக் கற்றது. பயணப் பெட்டிக்கான எச்சரிக்கையையும் அப்படி இழந்துதான் கற்க வேண்டும் என்பதில்லை. கல்கத்தா சென்ற இரு இளைஞர்கள் கொண்டுவந்த கல்வி ஓர் ஊரையே வாழவைத்தது. இன்று புறப்படும் பிள்ளைகளின் கல்வி, ஒரு நெய்ப் பாட்டிலாலோ ஒரு பொட்டலத்தாலோ எல்லையில் நின்றுவிடக் கூடாது.