ரயிலை இழுத்த வண்டி மீன் பெட்டியை மதுரை சேர்க்குமா?

2019 ஜூலையில் ஃபோர்டு நிறுவனம் ஒரு வீடியோ வெளியிட்டது. இன்னும் விற்பனைக்கு வராத மின்சார பிக்கப் வண்டி ஒன்று, பத்து இரட்டை அடுக்கு ரயில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகிறது. மொத்த எடை பத்து லட்சம் பவுண்டுக்கு மேல், அதாவது 450 டன்னுக்கு மேல். பிறகு அந்தப் பெட்டிகளில் 42 பிக்கப் வண்டிகளை ஏற்றி மறுபடியும் இழுத்துக் காட்டினார்கள். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அதே வண்டி 2022-ல் கடைக்கு வந்தது. அது இழுக்கலாம் என்று நிறுவனமே எழுதிக் கொடுத்த அதிகபட்ச எடை 10,000 பவுண்டு, சுமார் நாலரை டன். 450 எங்கே, நாலரை எங்கே!

அப்படியானால் வீடியோ பொய்யா? இல்லை. வண்டி ரயிலை இழுத்தது உண்மைதான். ஆனால் அது அவ்வளவு பெரிய சாதனையா என்பதுதான் கேள்வி.

இதைப் புரிந்துகொள்ள ராமேஸ்வரம் தீவு நல்ல இடம். மூன்று விதமான தரை அங்கே இருக்கிறது. பாம்பன் பாலத்தில் தண்டவாளம். ஊருக்குள் தார் ரோடு. தனுஷ்கோடியில் மணல். தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்தின் மேல் இருக்கும் ஒரு டன்னை உருட்ட ஒன்றிரண்டு கிலோ எடைக்குச் சமமான விசை போதும். தார் ரோட்டில் ரப்பர் டயருக்கு 10 முதல் 15 கிலோ வேண்டும். தளர்ந்த மணலில் 200, 300 கிலோ கூடக் கேட்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 450 டன் ரயிலைச் சமதளத்தில் நகர்த்த 900 கிலோ விசை தாராளம். அதே 900 கிலோவை மணலில் போட்டால் நாலு டன் நகர்வதே சந்தேகம். 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு வருவதற்கு முன்பு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தண்ணீரிலும் மணலிலும் ஆட்களை ஏற்றிப்போன பழைய வேன்கள்தான் உண்மையில் கஷ்டப்பட்டவை. அவற்றை வைத்து யாரும் விளம்பரம் எடுக்கவில்லை :-)

இன்னொரு விஷயம். தேர் வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும், நிலையிலிருந்து தேரைக் கிளப்புவதுதான் பெரிய பாடு, உருள ஆரம்பித்தால் சுலபம். மின்சார மோட்டாருக்கு நின்ற இடத்திலேயே முழு முறுக்கு விசையும் கிடைத்துவிடும். இது அதன் உண்மையான பலம். விளம்பரக்காரர்கள் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் படம் பிடிக்கிறார்கள். அடுத்த இரண்டு மணி நேரத்தைக் காட்டுவதில்லை.

டெஸ்லாவின் கதை இன்னும் சுவாரஸ்யம். 2023 நவம்பரில், சைபர்டிரக் ஒரு போர்ஷே 911 காரை டிரெய்லரில் இழுத்துக்கொண்டே இன்னொரு 911-ஐ கால் மைல் பந்தயத்தில் ஜெயித்ததாக வீடியோ காட்டினார்கள். எஞ்சினியரிங் எக்ஸ்ப்ளெய்ன்டு என்ற யூடியூப் சேனலும் மற்றவர்களும் கூர்ந்து பார்த்ததில் அது கால் மைல் அல்ல, அரைக்கால் மைல்தான் (சுமார் 200 மீட்டர்) என்று தெரிந்தது. பிறகு மோட்டார் டிரெண்ட் பத்திரிகை முழுக் கால் மைல் ஓட்டிப் பார்த்தபோது போர்ஷேதான் ஜெயித்தது. 2019-ல் இதே வண்டிக்கு 14,000 பவுண்டு இழுவை, 500 மைல் தூரம் என்று சொல்லியிருந்தார்கள். வந்தபோது இருந்தது 11,000 பவுண்டு. தூரம் 350 மைலைத் தொடவில்லை.

பாரம் இழுக்கும்போது அந்தத் தூரமும் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. ஃபோர்டு 2025 டிசம்பரில் அந்த முழு மின்சார பிக்கப்பையே நிறுத்திவிட்டு, பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்த வண்டிக்கு மாறுவதாக அறிவித்தது. ரயிலை இழுத்த பெருமை கடைசியில் கை கொடுக்கவில்லை.

அமெரிக்காக்காரன் கூடார வண்டி இழுத்தால் ராமநாதபுரத்துக்கு என்ன என்று கேட்கலாம். இங்கே டிரெய்லர் இழுக்கும் பழக்கம் குறைவு, பாரம் வண்டியின் முதுகிலேயே ஏறுகிறது. ஆனால் கேள்வி ஒன்றுதான். ஊரே குட்டியானை என்று கூப்பிடும் டாடா ஏஸ் வண்டியின் மின்சார வடிவம் 2022 மே மாதம் அறிமுகமானது. 21.3 யூனிட் பேட்டரி, 600 கிலோ பாரம், சோதனைச் சான்றிதழ்படி ஒரு சார்ஜுக்கு 154 கி.மீ. சான்றிதழில் தவறில்லை. ஆனால் சோதனைக் கூடத்தில் கடல் காற்று கிடையாது. 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டிக்கு எதிரே 40 கி.மீ. காற்று அடித்தால், காற்றின் தடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. பாம்பனில் அது அதிசயமான காற்றும் இல்லை.

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கி.மீ. அப்படிப்பட்ட வண்டியில் ஐஸ் பெட்டியும் மீனும் ஏற்றிப் புறப்பட்டால், வழியில் சார்ஜ் போடாமல் போய்ச் சேராது. டீசல் வண்டி பங்க்கில் ஐந்து நிமிடம் நிற்கும். இது அதைவிட வெகுநேரம் நிற்கும். ஐஸ் அதுவரை காத்திருக்காது. ஏலத்துக்குப் பிந்திய மீனுக்கு விலை விழும், வண்டியின் மாதத் தவணை விழாது.

இதனால் மின்சார வண்டியே வேண்டாம் என்று அர்த்தமில்லை. பாம்பனிலிருந்து மண்டபத்துக்கும் ராமநாதபுரம் சந்தைக்கும் போய்வர அது டீசலைவிட மலிவாகவே இருக்கலாம். எந்த வேலைக்கு எது பொருந்தும் என்பதைச் சொல்லாத விளம்பரம்தான் குற்றவாளி.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தின் நிபந்தனைக் குறிப்பு அதே மொழியில், அதே எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2022 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. இதோடு இன்னொன்றும் சேர வேண்டும். இழுவை எடையையோ பாரத்தையோ சொல்லும் ஒவ்வொரு விளம்பரமும், அந்தப் பாரத்தோடு எத்தனை கி.மீ. ஓடும் என்பதையும் அதே அளவு எழுத்தில் சொல்ல வேண்டும்.

அதுவரை வண்டி வாங்கப் போகிறவர் ஷோரூமில் மூன்றைக் கேட்கட்டும். முழுப் பாரத்தோடு எத்தனை கி.மீ.? சார்ஜ் ஏற எத்தனை மணி நேரம்? போகும் வழியில் சார்ஜ் போட இடம் எங்கே? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டுவது நல்லது.