வீட்டு விவகாரத்தில் சர்க்காருக்கு என்ன வேலை?

தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும், பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்தின் ஏதேனும் ஒரு கோடியில், சமூக நலத் துறையின் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. அதைப் பற்றி நம் ஜனங்களிடையே வழங்கும் அபிப்பிராயம் இதுதான்: தையல் இயந்திரமும் தாலிக்குத் தங்கமும் வாரிக் கொடுப்பது அந்தத் துறையின் பாதி வேலை, சுமுகமாக இருக்கும் குடும்பங்களில் புகுந்து புருஷனையும் பெண்டாட்டியையும், பெற்றோரையும் பிள்ளைகளையும் பிரித்து வைப்பது மறுபாதி வேலை, இந்த இரண்டும் இல்லாமலே நம் முன்னோர்கள் வாழ்ந்தார்கள், ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கூடிப் பேசித் தீர்க்காத விவகாரம் என்று எதுவும் இருந்ததில்லை. கல்யாண மண்டபங்களிலும் டீக்கடைகளிலும் கேட்கும் இந்தப் பேச்சு, உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்களின் காலை நடைச் சம்பாஷணையில் இன்னும் சற்று உரக்கவே கேட்கிறது என்பதனால், அதைப் பாமரர் பேச்சு என்று தள்ளிவிடவும் வழியில்லை.

வாரிக் கொடுக்கிறார்கள் என்ற ஆட்சேபணையைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். இதைச் சொல்லுகிறவர்கள் முதலில் கைகாட்டுவது, தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரால் 1989-இல் ஏற்பட்ட திருமண உதவித் திட்டத்தை. அந்த உதவியைப் பெற மணமகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், குறிப்பிட்ட வகுப்புவரை அவள் படித்திருக்கவும் வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் இருந்ததை அவர்கள் பிரஸ்தாபிப்பதில்லை. பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திச் சீக்கிரம் தள்ளிவிட்டால் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்ட தகப்பனிடம், நிறுத்தாமலிருந்தால் இவ்வளவு வரவு என்று அவன் கணக்கிலேயே எழுதிக் காட்டிய ஏற்பாடு அது. 2022-இல் அந்தத் திட்டமே உருமாறி, அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்புவரை படித்த பெண் உயர்கல்வியில் சேர்ந்தால் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே சேரும்படி ஆயிற்று. 1992-இல் பெண் குழந்தைகளுக்கான வைப்புத்தொகைத் திட்டத்தையும், அதே ஆண்டில் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தையும் தொடங்கவேண்டி நேர்ந்தது எத்தகைய கொடுமையினால் என்பதை அறிந்தவர் எவரும் இவற்றைத் தானம் என்று சொல்லத் துணியமாட்டார்.

குடும்பத்தைப் பிரிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. பிரிந்த குடும்பம் எதையும் நினைத்து மனம் நொந்தவர்கள் நல்லெண்ணத்தோடும் அதைச் சொல்லக்கூடும். ஆகையால் சட்டம் என்ன செய்கிறது என்பதையே பார்ப்போம். 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்கு முன்னால், வீட்டில் அடிபட்ட ஒரு பெண்ணுக்கு இருந்த மார்க்கங்கள் எவை? 1983-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498-ஏ பிரிவின்படி புருஷனைப் போலீசில் பிடித்துக் கொடுக்கலாம். விவாகரத்துக்கு மனுப் போடலாம். அல்லது பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகலாம். மூன்றில் எதை எடுத்தாலும் குடும்பம் பிரிந்தே தீரும். அந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, அடி மட்டும் நிற்க வேண்டும் என்று கேட்க அவளுக்கு வழி இருக்கவில்லை. 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுதான், வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்க அவளுக்கு உரிமை உண்டு என்று முதன்முதலாக ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிற்று. அந்தச் சட்டத்தை நடத்துவதற்காகச் சமூக நலத் துறையின்கீழ் அமர்த்தப்பட்டிருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் ஒரு பெண் வந்தால், அவர் செய்வது நடந்ததைக் கேட்டு, அதற்குரிய படிவத்தில் அறிக்கை எழுதி, நீதித்துறை நடுவருக்கு அனுப்புவது. அடிக்கக் கூடாது, வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது, செலவுக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற உத்தரவுகளை அவள் பெறுவதற்குத் துணை நிற்பது. சிறைத்தண்டனை என்பது, அத்தகைய பாதுகாப்பு உத்தரவை அவன் மீறினால்தான் வருகிறது. மனைவியோடு நின்றுவிடாமல், பிள்ளை வீட்டில் உதைபடும் தாயும், அண்ணன் வீட்டில் சோறில்லாமல் இருக்கும் விதவைத் தங்கையும் இதே சட்டத்தின்கீழ் வரலாம் என்பதையும், குடும்பப் பாசம் பற்றிப் பேசுகிறவர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும்.

இதற்கு வரும் பதில் நமக்குத் தெரியும்: இவ்வளவு எதற்கு, ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னால் ஒரு சாயங்காலத்தில் முடிந்துபோகுமே! பெரியவர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. வரப்புத் தகராறு, வாய்க்கால் முறை, பங்காளிகளிடையே கோயில் மரியாதை போன்ற, இரு தரப்பாரும் சரிசமமாக உட்கார்ந்து வாதாடக்கூடிய விவகாரங்களில் அவர்களுடைய விவேகம் எந்த முன்சீபுக்கும் குறைந்ததன்று. ஆனால் புருஷன் வீட்டு ஊரில், புருஷனுடைய பெரியப்பனும் மாமனும் பிராதைக் கேட்க உட்கார்ந்திருக்க, தூணோரத்தில் தலையைக் குனிந்து நிற்கும் பெண்ணின் விவகாரத்தில், தீர்ப்பு அவள் வாய் திறக்கும் முன்பே தீர்மானமாகிவிட்டது. “அனுசரிச்சுப் போம்மா, ரெண்டு பிள்ளையைப் பெத்துட்டே” என்பதே அந்தத் தீர்ப்பு. அது எத்தனை தடவை சொல்லப்பட்டாலும் அதில் அவனைக் கட்டுப்படுத்தும் வாசகம் ஒன்றுகூட இருப்பதில்லை. ஒரு மாதம் கழித்து அவன் மறுபடி கை நீட்டினால் பெரியவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை.

பெரியவர்களை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் குழந்தை விவாகத்தின் சரித்திரத்தைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பெண்ணுக்கு 14, பிள்ளைக்கு 18 என்று வயது வகுத்தது. அன்றைய சனாதனிகள் அதை எதிர்த்து எழுப்பிய கூக்குரலைப் பார்த்தால் ஏதோ வீடுதோறும் சேவகர் வந்து நின்றுவிட்டார்கள் என்று தோன்றும். உண்மையில் அந்தச் சட்டத்தை நடத்துவதற்கென்று ஒரு உத்தியோகஸ்தர்கூட நியமிக்கப்படவில்லை. யாராவது ஒருவர் தாமாகவே நீதிமன்றத்துக்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டும். கொடுக்க வந்தவரிடமே 100 ரூபாய்வரை ஜாமீன் பத்திரம் கேட்கவும் ஆதியில் அதில் ஒரு பிரிவு இருந்தது. சொந்தக்காரன் மகளுடைய கல்யாணத்தை நிறுத்துவதற்காகப் பத்திரம் எழுதிக் கொடுத்து விரோதத்தை விலைக்கு வாங்க எந்தப் பெரியவர் முன்வருவார்? வயது 1949-இல் 15 என்றும், 1978-இல் 18 என்றும் ஏட்டில் ஏறிக்கொண்டே போயிற்று. பந்தல்கள் அவை பாட்டுக்கு எழும்பிக்கொண்டிருந்தன. 2006-ஆம் ஆண்டின் சட்டம் 2007 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகுதான், அதாவது 77 ஆண்டுகள் கழித்து, குழந்தைத் திருமணத் தடை அலுவலர் என்று ஒருவர் ஏற்பட்டார். தமிழ்நாட்டில் மாவட்டச் சமூக நல அலுவலரே அவர்.

அட்சய திருதியை போன்ற நாள்களில் கூட்டமாய் நடக்கும் குழந்தை விவாகங்களைத் தடுக்க மாவட்ட ஆட்சியரே தடை அலுவலராகக் கருதப்படுவார் என்று ஒரு உட்பிரிவும் அச்சட்டத்தில் உண்டு. வடநாட்டு வழக்கத்தை எண்ணி எழுதியது. நம் பக்கத்தில் அந்நாள் நகைக்கடைக்காரர்களுக்குச் சாசனமாகிவிட்டது. இங்கே பார்க்க வேண்டியது, பள்ளி விடுமுறையும் முகூர்த்தமும் சேர்ந்து வரும் சித்திரை, வைகாசி மாதங்களை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு யாரோ தகவல் சொல்ல, சமூக நல அலுவலரோ அவர் கீழிருக்கும் மகளிர் ஊர்நல அலுவலரோ போலீசாருடன் போய் நிற்கும்போது, பந்தக்கால் நட்டாயிற்று, சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, வாக்குத் தவறினால் மானம் போய்விடும் என்று சபை முழுவதும் ஒரே குரலில் பேசும். அந்தச் சபையில் பெண்ணின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு பெண்ணைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஆஜர்படுத்துவதோடு அன்றைய வேலை முடிகிறது.

இன்று நிறுத்தினால் அடுத்த முகூர்த்தத்தில் வேறு மாவட்டத்துக் கோயிலில் இரகசியமாகத் தாலி கட்டிவிடுவார்களே என்கிறார்கள். சில இடங்களில் அப்படி நடப்பதும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நடுவரிடம் தடையுத்தரவு பெற்ற பிறகு அதை மீறி நடக்கும் விவாகம் ஆதியிலிருந்தே செல்லாதது என்று 14-ஆம் பிரிவு சொல்லுகிறது. நடத்தி வைத்தவர்களும் தண்டனைக்கு உரியவர்கள். கோயில்களில் கல்யாணம் பதிகிறவர்கள் இன்று வயதுச் சான்று கேட்கிறார்கள் என்றால், அந்தப் பயத்துக்கும் அதில் பங்கு உண்டு. பதினாறு வயதில் நடக்கவிருந்த விவாகம் இரண்டு வருஷம் தள்ளிப்போவதை அற்பம் என்று நினைப்பவர்கள், அந்த வயதில் பிரசவித்த பெண்ணைப் பார்த்ததில்லை போலும்.

பெற்றோர் விஷயத்தில் ஆட்சேபணை வேறு சுருதியில் வருகிறது: பெற்ற பிள்ளைமேல் தாயை மனுக் கொடுக்கச் செய்வது தர்மமா என்கிறார்கள். இந்த உபதேசத்தைத் தாய்க்குச் செய்வதைவிட, அவளுக்குச் சோறு போடாதவனுக்குச் செய்திருந்தால் மனுவே தேவைப்பட்டிராது. பெற்றோருக்கு ஜீவனாம்சம் கொடுக்கும் கடமை 1956-ஆம் ஆண்டின் இந்துச் சட்டத்திலும், பின்னர் 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் ஏற்கனவே இருந்தது. கிழவி ஒருத்தி கோர்ட்டு வாசலில் எத்தனை வாய்தா காத்திருக்க முடியும் என்பதே கேள்வி. பெற்றோர் பராமரிப்புக்கென்றே 2007-இல் இயற்றப்பட்ட சட்டம் அதை வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்திடம் ஒப்படைத்து, முடிவுக்கு 90 நாள் என்று தவணை வைத்தது. முதலில் சமரச அலுவலரிடம் அனுப்பி, இரு தரப்பும் இணங்கும்படி செய்து பார்க்கவும் அதில் இடம் உண்டு. வேண்டினால் முதியவர் சார்பில் தீர்ப்பாயத்தில் நிற்கும் பராமரிப்பு அலுவலர், சட்டத்தின் 18-ஆம் பிரிவே பெயர் சொல்லும் மாவட்டச் சமூக நல அலுவலர். காப்பாற்றுவேன் என்ற நிபந்தனையின்மேல் செட்டில்மெண்ட் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு கைவிட்டவனிடமிருந்து அந்தச் சொத்தைத் திருப்பவும் 23-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. பத்திரம் பதிவாகும்வரை அம்மாவைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு இந்தப் பிரிவின்மேல் உள்ள கோபம் புரிந்துகொள்ளக்கூடியதே.

கடைசியாக, அந்த அலுவலகத்தில் ஒன்றும் நடப்பதில்லை, போனால் நாளைக்கு வா என்கிறார்கள் என்று ஒரு குறை சொல்லப்படுகிறது. அளவுக்கு மீறித் தலையிடுகிறார்கள் என்று முன்வாக்கியத்தில் சொன்னவரே பின்வாக்கியத்தில் இதையும் சொல்லுவார் என்றாலும், இந்த ஒன்றில்தான் சத்தியம் இருக்கிறது. தடை அலுவலர், பராமரிப்பு அலுவலர், 1961-ஆம் ஆண்டின் சட்டப்படி வரதட்சணைத் தடுப்பு அலுவலர் என்ற அத்தனை பட்டங்களும் ஒரே ஆளின் தலைமேல் இருக்கின்றன; பட்டத்துக்கு ஒரு பதிவேடு, பதிவேட்டுக்கு ஒரு மாதாந்திர அறிக்கை, அறிக்கைக்கு ஒரு கூட்டம் என்று அவருடைய நாள் கரைகிறது. பாதுகாப்பு அலுவலரும் பொதுவாக மாவட்டத்துக்கு ஒருவரே. ஒரே முகூர்த்தத்தில் மாவட்டத்தின் இரு கோடிகளில் இரண்டு பந்தல்கள் எழும்பினால் தடை அலுவலர் எதற்குப் போவார்? வழங்கிய தையல் இயந்திரத்தைக் கணக்கெடுக்கும் சர்க்கார், நிறுத்திய விவாகத்தையும் எண்ணிக்கையாக எழுதி வாங்கிக்கொள்கிறது; ஆனால் நிறுத்தப்பட்ட அந்தப் பெண் ஜூன் மாதம் பள்ளிக்குத் திரும்பினாளா, அவளுக்கு 18 நிறையும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை யார் போய்ப் பார்ப்பது என்பதற்குத் தனி ஆளும் அவருக்கு ஒரு வாகனமும் கேட்பதே, இந்தத் துறையைக் குறை சொல்ல விரும்புகிறவர்கள் செய்யவேண்டிய நியாயமான கிளர்ச்சி.