இன்டெல் மூன்றாவது முறையும் பின்வாங்கக் கூடாது

2025 செப்டம்பர் 18 அன்று, இன்டெல் பங்குகளில் 500 கோடி டாலர் முதலீடு செய்யப்போவதாக என்விடியா அறிவித்தது. செய்திகளெல்லாம் அந்தத் தொகையைச் சுற்றியே ஓடின. அதே அறிவிப்பில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது: இன்டெலின் பிராசசரும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸும் ஒரே சிப்பாக இணைக்கப்பட்டு பெர்சனல் கம்ப்யூட்டர்களுக்கு வரும். இன்டெலிடம் சொந்தமாகவே ஒரு கிராஃபிக்ஸ் பிரிவு உண்டு. 'ஆர்க்' என்ற பெயரில் 2022 முதல் தனி கிராஃபிக்ஸ் கார்டுகளையும் அது விற்றுவருகிறது. தன்னுடைய கிராஃபிக்ஸ் பொருட்கள் தொடரும் என்று நிறுவனம் அப்போதே விளக்கம் தந்தது. எந்தெந்தப் பொருட்கள், எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைச் சொல்லவில்லை.

சொல்ல வேண்டும். தனிக் கார்டுகளை இன்டெல் கைவிடக் கூடாது. ஏற்கெனவே இரண்டு முறை கைவிட்டது. இரண்டு முறையும் மிச்சப்படுத்திய பணத்தைவிட இழந்த வாய்ப்பு மிகப் பெரியது.

பிராசசருக்குள்ளேயே அடங்கிய ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸ், கடைகளில் 'ஆன்போர்டு' என்கிறார்களே அது, உலகில் விற்கும் பெரும்பாலான லேப்டாப்களின் திரையை இயக்குகிறது. தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். மின்சாரம் குறைவாகச் செலவாகும். பேட்டரி நின்று உழைக்கும். ஆனால் அதற்கென்று சொந்த மெமரி கிடையாது. பிராசசரின் மெமரியைத்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். டிடிஆர்5-5600 ரகத்தில் இரண்டு மெமரி ஸ்டிக் போட்ட டெஸ்க்டாப்பில் நொடிக்குச் சுமார் 90 ஜிபி தரவு போய்வரலாம். 249 டாலருக்கு அறிமுகமான இன்டெலின் ஆர்க் பி580 கார்டிலோ அந்த வேகம் 456 ஜிபி. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைக் கணக்கிட்டு, நொடிக்கு அறுபது முறை புதுப்படம் வரைகிற வேலையில் இந்த ஐந்து மடங்கு வித்தியாசம் சாதாரணமானது அல்ல.

இந்த மெமரிக் கணக்கில்தான் இன்டெலின் முதல் முயற்சி சறுக்கியது. 1998 பிப்ரவரியில் தனிக் கார்டுகளுக்கான 3டி சிப்பான ஐ740 வெளிவந்தது. லாக்ஹீட் மார்ட்டினிலிருந்து பிரிந்த ரியல்3டி நிறுவனத்தின் தொழில்நுட்பம் அதில் இருந்தது. சேகாவின் ஆர்கேட் இயந்திரங்களுக்கு 3டி படம் வரையும் பகுதியைச் செய்துகொடுத்தவர்கள் அவர்கள். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் இன்டெலுக்கு அப்போது இன்னொரு அக்கறை இருந்தது. மதர்போர்டில் ஏஜிபி என்ற புதிய ஸ்லாட்டை அது கொண்டுவந்திருந்தது. அந்த ஸ்லாட் வழியாகக் கம்ப்யூட்டரின் பொது மெமரியையே கார்டு பயன்படுத்திக்கொள்ள முடியும் என்று காட்ட விரும்பியது. எனவே, பொருட்களின் மேற்பரப்புக்கு உருவம் கொடுக்கும் படங்களை ஐ740 தன் சொந்த மெமரியில் வைத்துக்கொள்ளாமல் பொது மெமரியிலிருந்தே எடுத்தது. 3டிஎஃப்எக்ஸின் வூடு2, என்விடியாவின் ரிவா டிஎன்டி ஆகிய கார்டுகள் வேகமான மெமரியைத் தங்களிடமே வைத்திருந்தன. போட்டி நீடிக்கவில்லை. 1999இல் இன்டெல் தனிக் கார்டுச் சந்தையிலிருந்து விலகியது. அந்தத் தொழில்நுட்பத்தின் வாரிசு, மலிவுக் கம்ப்யூட்டர்களுக்கான ஐ810 சிப்செட்டுக்குள் போய் அடங்கியது.

அந்தக் கார்டு, கார்டாக ஜெயிப்பதற்காகச் செய்யப்படவில்லை. இன்டெலின் மற்றப் பொருட்களுக்குத் துணை நிற்பதற்காகச் செய்யப்பட்டது. தோற்றது அந்த நோக்கம்தான். ஆனால் கார்டு செய்வதே வீண் என்று இன்டெல் எடுத்துக்கொண்டது.

இரண்டாவது முயற்சியான லாராபீயிலும் அதே மனப்பாங்குதான். 2008இல் விவரமாக வெளியிடப்பட்ட இந்தத் திட்டம், கிராஃபிக்ஸுக்கென்றே வடிவமைத்த சிப்புக்குப் பதிலாக, பழைய பென்டியம் வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்ட எக்ஸ்86 பிராசசர் கோர்களைக் கூட்டமாக அடுக்கி, பெரும்பகுதி வேலையை மென்பொருளிடம் விட்டது. தன் கைவசம் இருந்த எக்ஸ்86ஐக் கிராஃபிக்ஸுக்கும் நீட்டிவிட வேண்டும் என்ற ஆசை அது. திட்டத்துக்குத் துணைநின்ற பேட் கெல்சிங்கர் 2009 செப்டம்பரில் நிறுவனத்தைவிட்டுப் போனார். டிசம்பரில், கார்டாக அது விற்பனைக்கு வராது என்று அறிவிப்பு வந்தது. லாராபீயின் மிச்சம் சூப்பர் கம்ப்யூட்டர்களுக்கான ஸியான் ஃபை ஆகி, சில ஆண்டுகளில் அதுவும் நிறுத்தப்பட்டது.

மூன்றே ஆண்டு கழித்து, 2012இல், டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படங்களை இனம்காணும் போட்டியில் மற்றவர்களை வெகுவாகப் பின்தள்ளினார்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவு அலை தொடங்கிய இடமாக அந்த வெற்றியைத்தான் பலரும் குறிப்பிடுகிறார்கள். அவர்களுடைய அலெக்ஸ்நெட்டைப் பயிற்றுவித்தவை ஜிடிஎக்ஸ் 580 என்ற இரண்டு என்விடியா கார்டுகள். ஒவ்வொன்றிலும் 3 ஜிபி மெமரி. கேம் விளையாடுகிறவர்களுக்காகக் கடையில் விற்ற கார்டுகள் அவை. மாணவர் கைக்கு எட்டும் விலையில் கார்டு இருந்ததாலும், அதைக் கணக்கிடும் வேலைக்குத் திருப்பிவிடும் குடா மென்பொருள் இருந்ததாலும்தான் அது நடந்தது. இன்டெலிடம் அப்போது கடைக்கு அனுப்ப ஒரு கார்டும் இல்லை.

என்விடியா தனிக் கார்டில் ஊன்றி நின்றதற்கு இன்டெலும் ஒரு காரணம். இன்டெல் பிராசசர்களுக்கான சிப்செட்டுகளை, ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸோடு, இன்டெலின் உரிமம் பெற்று என்விடியாவும் ஒரு காலத்தில் செய்துவந்தது. புதிய பிராசசர்களுக்கு அந்த உரிமம் பொருந்தாது என்று 2009இல் இன்டெல் வழக்குத் தொடுத்தது. 2011 ஜனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி என்விடியாவுக்கு 150 கோடி டாலர் கொடுக்க இன்டெல் சம்மதித்தது. என்விடியா அந்த சிப்செட் தொழிலை விட்டுவிட்டது. ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸின் கதவு அடைக்கப்பட்ட நிறுவனம், மிஞ்சிய கார்டையே உயிராகப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது.

அதே 2011 ஜனவரியில் இன்டெல் சாண்டி பிரிட்ஜ் பிராசசர்களை வெளியிட்டது. கிராஃபிக்ஸும் பிராசசரும் ஒரே சிலிக்கான் துண்டில் சேர்ந்தன. வீடியோவை விரைவாக மாற்றித் தரும் குவிக் சிங்க் வசதியும் வந்தது. நல்ல பொறியியல் அது. கோடிக்கணக்கான லேப்டாப்களை மலிவாக்கியது. ஆனால் போட்டி இல்லாத இடத்தில் வளர்ந்த கிராஃபிக்ஸ் அது. கம்ப்யூட்டரோடு இலவசமாக வருவதால் யாரும் அதைத் தேர்ந்தெடுத்து வாங்கவில்லை. மட்டமாக இருந்தாலும் விற்பனை குறையவில்லை.

அதன் விளைவு 2022இல் வெளிப்பட்டது. ஏஎம்டியிலிருந்து வந்த ராஜா கொடூரியின் தலைமையில் உருவான ஆர்க் கார்டுகள், அறிவித்த காலத்துக்குப் பிந்தி வந்தன. தலைவராகத் திரும்பியிருந்த கெல்சிங்கர் அந்த ஜூலையில் முதலீட்டாளர்களிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னார்: ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸுக்காக எழுதிய மென்பொருளையே கார்டுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தோம், அது போதவே இல்லை என்பது அவர் பேச்சின் சாரம். அக்டோபரில் 329 டாலருக்கு ஏ770 கடைக்கு வந்தபோது, டைரக்ட்எக்ஸ் 9இல் எழுதப்பட்ட பழைய கேம்கள் அதில் திணறின. பன்னிரண்டு ஆண்டுகளாக யாரும் கேள்வி கேட்காத டிரைவர் மென்பொருளிடம், காசு கொடுத்து வாங்கியவர்கள் முதல்முறையாகக் கேள்வி கேட்டார்கள். இன்டெல் பொறியாளர்கள் ஓடி ஒளியவில்லை. மாதாமாதம் டிரைவரைத் திருத்தினார்கள். டிசம்பருக்குள்ளேயே அந்தப் பழைய கேம்களின் வேகம் கணிசமாக ஏறிவிட்டது.

இந்தத் திருத்தங்களின் பலன் கார்டோடு நிற்கவில்லை என்பதுதான் இந்த வாதத்தின் உயிர்நாடி. 2024 செப்டம்பரில் லூனார் லேக் லேப்டாப் சிப்பில் வந்ததும், அந்த டிசம்பரில் பி580 கார்டில் வந்ததும் ஒரே எக்ஸ்இ2 வடிவமைப்பு. இரண்டுக்கும் டிரைவர் ஒன்றே. எம்எஸ்ஐ நிறுவனத்தின் கிளா என்ற கைக்கேம் கருவி 2024 தொடக்கத்தில் இன்டெல் சிப்போடு வந்தபோது, ஏஎம்டி சிப் வைத்த போட்டிக் கருவிகளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. லூனார் லேக்கோடு வந்த அடுத்த கிளா அவற்றோடு சரிக்குச் சரியாக நின்றது. கார்டு வாங்கியவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன குறைகள், கார்டையே பார்த்திராதவரின் லேப்டாப்பைச் சீராக்குகின்றன. 2025 அக்டோபரில் இன்டெல் அறிவித்த கிரெசென்ட் ஐலண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு சிப்பும் இதே குடும்பத்தின் எக்ஸ்இ3பி வடிவமைப்பில்தான் வருகிறது.

எதிர்வாதம் லேசானது அல்ல. 2024இல் இன்டெலின் நஷ்டம் சுமார் 1,880 கோடி டாலர். அந்த ஆண்டு ஆகஸ்டில் 15,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. ஓராண்டு கழித்து அமெரிக்க அரசே சுமார் 10 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்ள நேர்ந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் கார்டுகள் லாபம் தரும் என்று சொல்லவும் முடியாது. பி580இன் சிப் 272 சதுர மில்லிமீட்டர். அதைவிட 50 டாலர் அதிக விலைக்கு வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060இன் சிப் 159 சதுர மில்லிமீட்டர்தான். இரண்டும் தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் ஒரே தலைமுறைத் தொழில்நுட்பத்தில் அச்சாகின்றன. அதிக சிலிக்கானைப் போட்டுக் குறைந்த விலைக்கு விற்கிறது இன்டெல். சந்தையிலோ பத்துக் கார்டுகளில் ஒன்பதுக்கு மேல் என்விடியாவுடையது. 2025 மார்ச்சில் தலைவர் பொறுப்பேற்ற லிப்-பூ டான் இந்தக் கணக்கைப் பார்த்துக் கார்டை நிறுத்த நினைத்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் நிறுத்தினால் எவ்வளவு மிஞ்சும்? வடிவமைப்பும் டிரைவரும் லேப்டாப் சிப்புக்கு எப்படியும் வேண்டும். அந்தச் செலவு போகாது. போவது கார்டுக்கான சிப்பை அச்சிடும் செலவும் அதை விற்கும் செலவும்தான். சிப்பின் அளவுப் பிரச்சினைக்கும் மருந்து அடுத்தடுத்த தலைமுறைகளில்தான் இருக்கிறது. ஏ770இன் சிப் 406 சதுர மில்லிமீட்டர். அதைவிட மிகச் சிறியதான பி580, விமர்சகர்களின் சோதனைகளில் பெரும்பாலும் அதை முந்தியது. அந்த முன்னேற்றத்துக்கு இரண்டு ஆண்டு போதுமானதாக இருந்தது.

ஆப்பிளைக் காட்டுகிறவர்கள் உண்டு. 2020இல் எம்1 வந்ததிலிருந்து மேக் கம்ப்யூட்டர்கள் ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸுக்கு மாறின. 2023இன் மேக் ப்ரோவில் தனிக் கார்டு பொருத்தவும் முடியாது. தனிக் கார்டின் காலம் முடிகிறது என்பதற்கு இதைச் சாட்சியாக வைக்கிறார்கள். சிப், இயங்குதளம், கருவி மூன்றும் ஒரே கையில் இருக்கும் ஆப்பிளுக்கு அது பொருந்தும். விண்டோஸில் இருபது ஆண்டுப் பழைய கேமும் நேற்று வந்த கேமும் ஓடியாக வேண்டிய இன்டெலுக்குப் பொருந்தாது. அதற்குப் பொருத்தமான உதாரணம் ஏஎம்டி. 2006இல் 540 கோடி டாலருக்குக் கிராஃபிக்ஸ் நிறுவனமான ஏடிஐயை வாங்கி, அந்தச் சுமையில் கிட்டத்தட்ட மூழ்கியது. ஆனாலும் கார்டையும் ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸையும் சேர்த்தே வளர்த்தது. 2013இல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுக்கும் ஏஎம்டியின் சிப்தான். பிராசசரும் தரமான கிராஃபிக்ஸும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் கிடைத்த வாய்ப்பு அது.

என்விடியாவின் கிராஃபிக்ஸை இரவல் வாங்கிக்கொள்ளலாமே என்பதற்கும் ஒரு முன்கதை இருக்கிறது. 2018 ஜனவரியில் கேபி லேக்-ஜி என்ற சிப்பை இன்டெல் வெளியிட்டது: தன் பிராசசரோடு ஏஎம்டியின் ரேடியான் கிராஃபிக்ஸும் 4 ஜிபி மெமரியும் ஒரே பேக்கேஜில். டெல், ஹெச்பி லேப்டாப்களில் வந்தது, நன்றாகவே ஓடியது. 2019 அக்டோபரில் நிறுத்த அறிவிப்பு வந்துவிட்டது. பிறகு டிரைவர் புதுப்பித்துத் தருவது யார் என்று தெரியாமல் வாங்கியவர்கள் இரு நிறுவனங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். என்விடியாவோடு சேர்ந்து செய்யும் சிப்புக்கும் இந்த ஆபத்து உண்டு. அது வரட்டும், விலையுயர்ந்த லேப்டாப்களுக்கு மட்டும் போகட்டும். எல்லோரும் வாங்கும் சிப்பில் இன்டெலின் சொந்த கிராஃபிக்ஸே இருக்க வேண்டும்.

வாங்குகிறவர்கள் பக்கத்து நியாயமும் இதுதான். ஆர்டிஎக்ஸ் 4060இல் 8 ஜிபி மெமரி, அறிமுக விலை 299 டாலர். 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060இலும் அதே 8 ஜிபி, அதே விலை. இடையில் 249 டாலருக்கு 12 ஜிபி தந்தது பி580 ஒன்றுதான். அதுவும் குறையற்றது அல்ல. பழைய பிராசசர்களோடு சேர்த்தால் அதன் வேகம் தாழ்கிறது என்பது 2025 ஜனவரியிலேயே சோதனைகளில் தெரிந்தது. இருந்தாலும் அந்த விலையில் என்விடியாவைக் கேள்வி கேட்க ஒரு கார்டு கடையில் இருக்கிறது.

எனவே லிப்-பூ டான் செய்ய வேண்டியவை தெளிவானவை. நடுத்தர விலைக் கார்டுகள் இன்னும் இரண்டு தலைமுறைக்காவது தொடரும் என்று ஆண்டுக் கணக்கோடு அறிவிக்க வேண்டும். டிரைவர் குழுவை ஆள்குறைப்பிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். 2025 செப்டம்பரில், என்விடியா ஒப்பந்தம் வந்த அதே வாரத்தில், 11 முதல் 14ஆம் தலைமுறை வரையிலான பிராசசர்களின் ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸை இன்டெல் பழைய பொருட்களின் பட்டியலுக்கு மாற்றிவிட்டது. புதிய கேம் வரும் நாளிலேயே அதற்கேற்ற டிரைவர் இனி அவற்றுக்கு வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முக்கியப் பழுதுகளுக்கான திருத்தம் மட்டும். 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் கடைக்கு வந்ததே 2023 அக்டோபரில்தான். இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. அந்த முடிவைத் திரும்பப் பெற வேண்டும். கார்டு வாங்கியவருக்கும் லேப்டாப் வாங்கியவருக்கும் குறைந்தது ஐந்து ஆண்டு முழு டிரைவர் ஆதரவு உண்டு என்று எழுத்தில் தர வேண்டும்.