எழுத்தில்லாக் கல்

கல்லில் எழுத்திருப்பின் அதனைப் போற்றுகின்றோம். எழுத்தில்லையாயின் காலால் எற்றிச் செல்கின்றோம். இவ்வழக்கம் மாறுதல் வேண்டும் என்பதே நம் கருத்து.

நயினாதீவு நாகபூஷணி அம்பாள் ஆலயத்திலுள்ள தமிழ்ச் சாசனத்தைக் கேள்வியுறாதார் நம்மிற் சிலரே. 12ஆம் நூற்றாண்டிற் பராக்கிரமபாகு மன்னன் பொறிப்பித்த அச்சாசனம், பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்குதல் பற்றியும், யானை, குதிரை ஏற்றிவரும் மரக்கலம் உடையுமாயிற் பண்டாரத்துக்குரிய பங்கு பற்றியும் கூறுகின்றது. நம் தீவுகளின் பழமைக்கு அதனைச் சான்று காட்டிப் பெருமை கொள்கின்றோம்.

அந்நயினாதீவுக்குத் தோணியேறக் குறிகட்டுவான் செல்வோர் கடந்துபோகும் வேலணையிலோ, அதனினும் மிகப் பழைய சான்று மண்ணுட் கிடந்தது. அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர் அங்கு அகழ்ந்த சிப்பிமேடு ஏறத்தாழ 3,500 ஆண்டுப் பழமையுடையது. உண்டு கழித்த சிப்பிகளோடு கற்கருவிகளும் அங்கே கிடைத்தன. யாழ்ப்பாணக் குடாநாடும் அதனைச் சூழ்ந்த தீவுகளும் சுண்ணாம்புக்கல் நிலம். கருவிக்குகந்த படிகக்கல் இங்கு விளைவதன்று. ஆதலின் அக்கல்லைப் பிறிதோரிடத்திலிருந்து எவரோ கொணர்ந்திருத்தல் வேண்டும். மன்னன் சாசனம் பொறிப்பதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இத்தீவோர்க்குப் பிறநிலத் தொடர்பு இருந்ததென்பதை, எழுத்தில்லாத அச்சிறு கல் உரைக்கின்றதன்றோ!

சென்னையை அடுத்த பல்லாவரத்தில் 1863இல் இராபர்ட் புரூசு பூட் என்பார் கண்டெடுத்ததும் எழுத்தில்லாக் கல்லே. பாரத நாட்டுப் பழங்கற்கால ஆராய்ச்சிக்கு அதுவே தோற்றுவாயாயிற்று.

இத்தகைய கல்லின் பெறுமதி அது கிடந்த இடத்திலேயே தங்கியுள்ளது. எந்தப் படையில், எந்தச் சிப்பியின் அருகில், எந்தச் சில்லுகளோடு கிடந்தது என்பதே அதன் வரலாறு. ஆர்வத்தாற் பொறுக்கி வீட்டு அலுமாரியில் வைப்பவரும், மணலுக்கும் சுண்ணாம்புக்குமாக மேட்டை வெட்டுபவரும் அவ்வரலாற்றை ஒருங்கே அழிக்கின்றனர்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அனுமதியின்றித் தொல்பொருள் தேடி அகழ்வதைத் தடுக்கின்றது. எனினும், சட்டம் கரைதோறும் நின்று காவல் செய்யாது. தீவகத்திற் பிறந்த மாணாக்கர் தத்தம் ஊர்க் கரைகளை அறிந்தவர். சிப்பிமேட்டையும் உடைந்த கல்லையும் காணின், தொடாது இடத்தைக் குறித்து ஆசிரியர்க்கும் தொல்பொருட் திணைக்களத்துக்கும் அறிவித்தல் அவர் கடன். அவரைப் பயிற்ற ஆய்வாளரை ஆண்டுதோறும் கல்லூரிக்கு அழைத்தல் பழைய மாணவராகிய நம் கடன். விழாக் காலத்தில் நாம் எழுப்பும் கட்டடங்களோடு இப்பணியும் சேர்வதாக.